கர்னல் சொல்லாமல் விட்ட நான்கு வருடங்கள்

நாங்கள் மெல்பர்னின் பொயிண்ட் குக் பகுதியில் வாடகைக்குக் குடியேறிய முதல் குளிர்காலத்தில் ஒரு காலை, பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். அறுபத்தெட்டு வயதிருக்கும். குட்டையான உருவம், ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை, கையில் கவுன்சிலிலிருந்து வந்த ஒரு கடிதம். அதை வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். குப்பைத் தொட்டி எடுக்கும் கிழமை மாறுகிறது, அவ்வளவுதான் செய்தி. வாசித்தேன். நன்றி சொன்னவர் போகாமல் நின்றார்.

"கண்ணுல நடுப்பகுதி போயிடுச்சு," என்றார். "எதைப் பாக்கிறேனோ அது மட்டும் தெரியாது. அதைச் சுத்தி இருக்கிறதெல்லாம் தெரியும். உன் காது தெரியுது, முகம் தெரியல."

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். அவருடைய ஆங்கிலம் ஓரிடத்தில் நொண்டும், என்னுடையது வேறோரிடத்தில். ஆனால் அந்த மூன்று வருடப் பேச்சும் எனக்குத் தமிழாகத்தான் நினைவில் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவர் பெரு நாட்டுக்காரர். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் கணவரோடு மெல்பர்ன் வந்து, ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். மகன் பெர்த்தில் இருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, ஆன்ட்டி என்றால் அவருக்குப் பிடிக்கவில்லை. "எங்க ஊர்ல பக்கத்து வீட்டுக்காரியை வெசினான்னு கூப்பிடுவோம். நீயும் எனக்கு வெசினா, நானும் உனக்கு வெசினா," என்றார். அதோடு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பெயர் ஆயிற்று.

அப்போது என் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் பத்து வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவள் நான். கணவருக்கு ஐ.டி. வேலை கிடைத்து வந்தோம். இங்கே என் படிப்பைப் பதிவு செய்ய ஆங்கிலத் தேர்வு ஒன்று எழுத வேண்டும். பேசும் பகுதியில் அரை மதிப்பெண் குறைந்து இரண்டு முறை தவறியிருந்தேன். பிற்பகலில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை வீட்டில் நானும் ஹீட்டர் சத்தமும்தான்.

ஒரு வாரம் கழித்து வெசினா காபிக்குக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். நாற்காலிகளின் மேலும் அட்டைப் பெட்டிகள். ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வாசி."

"இது ஸ்பானிஷ். எனக்குத் தெரியாதே."

"அர்த்தம் தெரிய வேண்டாம். எழுத்து தெரிஞ்சா போதும். எப்படி எழுதியிருக்கோ அப்படியே சொல்லு."

சொன்னேன். அ, எ, இ, ஒ, உ என்று உயிரெழுத்துகள் நம் உச்சரிப்பைப் போலவே இருந்தன. ர வேறு, ற வேறு என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். ஒரு எழுத்தின் தலையில் வளைகோடு இருந்தால் அது ஞ. அரைப் பக்கம் முடிந்ததும் அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஆஸ்திரேலியாவில் பிறந்த அவர் பேரன்கூட இப்படி வாசித்ததில்லையாம்.

அந்தத் தாள்கள் எல்லாம் ஒரே மனிதரைப் பற்றியவை. வெசினாவின் தாய்வழியில் ஐந்து தலைமுறைக்கு முந்தையவர். ஸ்பெயின் மன்னருக்கு எதிரான விடுதலைப் போரில் சண்டையிட்டவர். பிறகு நாடாளுமன்ற உறுப்பினர், மாகாணத் தலைவர், ஒரு குறுகிய காலம் அமைச்சர், கடைசியில் செனட்டர். வீட்டில் அவரை எல்லாரும் கர்னல் என்றே சொல்வார்கள். அவர் பிறந்த ஊரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர். முதுமையில் அவர் ஒரு எழுத்தரை வைத்துத் தன் நினைவுகளைச் சொல்லி எழுதவைத்திருந்தார். அதை வெசினாவின் மாமா ஒருவர் டைப் அடித்து வைத்திருந்தார். அது போக, ஊருக்குப் போகும்போதெல்லாம் வெசினா மாகாண ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, கர்னலின் அலுவலகக் கடிதப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வந்திருந்தார். ஓய்வு பெற்றதும் அவருடைய வாழ்க்கையை எழுதவேண்டும் என்பது திட்டம். மூன்று அத்தியாயம் எழுதியபோது கண் போய்விட்டது.

"நீ வாசி. நான் கேட்டுட்டுச் சொல்றேன். கம்ப்யூட்டர் எழுதிக்கும்," என்றார். கணினி ஸ்பானிஷ் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வசதி வந்திருந்தது. அது தவறாக எழுதுவதை நான் எழுத்துக்கு எழுத்து சரிபார்க்க வேண்டும்.

எனக்கும் அந்த வீட்டில் இருக்கப் பிடித்திருந்தது. சரி என்றேன். வாரத்தில் நான்கு காலைகள்.

"டெஸ்ட்டுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு," என்றார் என் கணவர். "இங்கிலீஷ் படிக்க வேண்டிய நேரத்துல ஸ்பானிஷ் படிக்கிற."

"படிக்கலைங்க, வாசிக்கிறேன்," என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

முதல் ஐந்து மாதம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு குதிரை புரிந்தது, தண்ணீர் புரிந்தது, செத்தான் புரிந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, புரிந்த சொற்களைத் தமிழில் எழுதிக்கொண்டேன். வாசித்து முடித்ததும் வெசினா அன்றைய பகுதியின் கதையைச் சொல்வார். மறுநாள் அதே பகுதியை நான் என் நோட்டை வைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பேன். குழந்தைகள் காப்பகத்துக்குப் போகும் பஸ்ஸில் வினைச்சொற்களை மனப்பாடம் செய்தேன். இடையில் தேர்வு வந்தது, மூன்றாவது முறையும் தவறினேன். வீட்டில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒன்பது மணிக்கு வெசினா வீட்டில் இருந்தேன்.

கர்னலின் கதை இப்படிப் போயிற்று. கரும்பும் திராட்சையும் விளையும் ஒரு கடலோரப் பள்ளத்தாக்கில், கோவேறு கழுதைகள் வைத்துச் சரக்கு ஏற்றும் ஒருவருடைய இரண்டாவது மகன். அப்பா மன்னரின் பக்கம். தெற்கேயிருந்து விடுதலைப் படை கப்பல்களில் வந்து அந்தக் கரையில் இறங்கியபோது கர்னலுக்குப் பதினாறு வயது. அப்பாவின் கழுதைகளில் இரண்டை ஓட்டிக்கொண்டு போய்ப் படையில் சேர்ந்தார். அந்தப் படை கரும்புத் தோட்டத்து அடிமைகளைப் பார்த்து, துப்பாக்கி எடுத்தால் விடுதலை என்று அறிவித்தது. நூற்றுக்கணக்கில் வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பையன் என்பதால் அப்படி வந்த கறுப்பின வீரர்களின் பிரிவு ஒன்றில் கர்னலை இளநிலை அதிகாரி ஆக்கினார்கள். தன்னைவிட இருபது வயது மூத்தவர்களுக்குப் பதினேழு வயதில் கட்டளையிட்டதைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். முதல் மாதம் அவர்களிடம்தான் நடக்கவும் தூங்கவும் கற்றுக்கொண்டாராம்.

தெற்கே போன ஒரு படையெடுப்பு தோற்றது. பின்வாங்கும்போது முழங்காலில் குண்டு பாய்ந்தது. பாலைவனத்தில் ஒரு நாள் முழுக்க அவருடைய வீரன் ஒருவன் அவரை முதுகில் சுமந்து கப்பல் நின்ற கரை வரை கொண்டுவந்து சேர்த்தான். அவன் தன்னுடைய தண்ணீரையும் அவருக்கே கொடுத்தான் என்று நினைவுகளில் இருந்தது. முதற்பெயரும் இருந்தது. அந்தப் பகுதியை வெசினா என்னை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்.

காலால் நடக்க முடியாது என்றானதும் கர்னல் குதிரைப்படைக்கு மாறினார். உயர்ந்த மலைச் சமவெளியில், ஒரு ஏரிக்குப் பக்கத்தில், ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் ஈட்டியும் வாளுமாக மட்டும் நடந்த ஒரு போரில் இருந்திருக்கிறார். உலோகச் சத்தமும் குதிரைகளின் மூச்சும் மட்டும். சண்டை முடிந்த பிறகு குளிரில் செத்தவர்கள் சண்டையில் செத்தவர்களைவிட அதிகம் என்கிறார். நான் அதை வாசித்த காலையில் எங்கள் தெருவில் புல்தரை வெள்ளையாக உறைந்திருந்தது. அந்த அத்தியாயத்தின் பாதியை அன்று நான் யாருடைய உதவியும் இல்லாமல் புரிந்துகொண்டேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குள் பெரிய காரியமாக இருந்தது.

போர் முடிந்தது, அரசியல் தொடங்கியது. தளபதிகள் ஒருவரை ஒருவர் கவிழ்த்தார்கள். கர்னல் ஒருவர் பக்கம் நின்றார், அவர் விழுந்தார், இவர் சிலிக்கு நாடு கடத்தப்பட்டார். திரும்பி வந்தார், மறுபடி நாடு கடத்தப்பட்டார். மறுபடி திரும்பினார். சளைக்காத மனிதர். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. தேர்வை நினைத்துச் சோர்ந்த ஒவ்வொரு முறையும் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்கள். இரண்டாவது முறை திரும்பியபின் அவரைச் சொந்த மாகாணத்துக்கே தலைவராக நியமித்தார்கள். நம் ஊர்க் கலெக்டரைப் போல, ஆனால் படையும் கையில் இருக்கும் கலெக்டர். நான்கு வருடம் அந்தப் பதவியில் இருந்தார். நினைவுகளில் அந்த நான்கு வருடத்துக்கு இரண்டே வரி. 'மாகாணத்தில் ஒழுங்கை நிலைநாட்டினேன். வாய்க்கால்களைச் செப்பனிட்டேன்.'

"இங்கதான் கடிதப் புத்தகம் வேணும்," என்றார் வெசினா. "அவரு அடக்கமானவரு. செஞ்சதைச் சொல்லிக்க மாட்டாரு. நாம சொல்லணும்."

கடிதப் புத்தகம் கையெழுத்தில் இருந்தது. எழுத்தர் தெளிவாக எழுதுபவர் என்றாலும் பழைய சொற்சுருக்கங்கள் நிறைய. கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி நாளொன்றுக்கு ஒரு பக்கம் வாசித்தேன். வாய்க்கால், பாலம், கொள்ளைக்காரர்கள், மறுபடி வாய்க்கால்.

அது ஆகஸ்ட் மாதம். வெளியே காற்று குப்பைத் தொட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. அன்றைய கடிதத்தில் மேலே நான்கு வரி, கீழே ஒரு பட்டியல். நான்கு வரியும் சட்டமொழி. அர்த்தம் பிடிபடவில்லை, எழுத்தை மட்டும் வாசித்தேன். பட்டியலில் பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு முதற்பெயர், பிறகு ஒரு சிறு சொல், பிறகு ஒரு குடும்பப் பெயர். பல இடங்களில் ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கடினமான கடிதத்துக்குப் பிறகு பெயர்கள் வாசிக்க இதமாக இருந்தன. உற்சாகமாகவே வாசித்தேன். இருபத்து மூன்று பெயர். கடைசியில் கர்னலின் கையொப்பம்.

நிமிர்ந்து பார்த்தேன். வெசினா இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்திருந்தார்.

"மறுபடி வாசி. பெயர்களை மட்டும்."

வாசித்தேன். ஒன்பதாவது பெயர் வந்ததும் "போதும்" என்றார். எழுந்து போய், கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவினார். நான் என்ன தவறு செய்தேன் என்று தெரியவில்லை.

"இன்னைக்கு நீ வீட்டுக்குப் போ வெசினா," என்றார், திரும்பிப் பார்க்காமல்.

மறுநாள் கதவு திறக்கவில்லை. அதற்கு மறுநாளும். வாரத்துக்கு மூன்று நாள் அவருக்கு உதவியாக வரும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி உண்டு. படகில் வந்தவள். வந்து பல வருடமாகியும் தற்காலிக விசாவிலேயே இருந்தாள். அவளை வாசலில் பிடித்துக் கேட்டேன்.

"அம்மாவுக்கு உடம்பு ஒண்டும் இல்லை அக்கா," என்றாள். "படுக்கிறா, எழும்புறா. உங்களை வர வேண்டாம் எண்டு சொல்லச் சொன்னவா. நான் கேட்டனான், சொல்லுறா இல்லை."

அந்தப் பக்கம் என் மடிக்கணினியில் இருந்தது. விடுமுறை நாள் ஒன்றில் காலையிலேயே உட்கார்ந்தேன். அகராதியும் நோட்டும் வைத்துக்கொண்டு நான்கு வரிகளை உடைத்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. கீழே குறிப்பிடப்படும் ஆட்கள், படையில் பணியாற்றியதால் விடுதலை பெற்றதாகச் சொல்லிக்கொண்டு பள்ளத்தாக்கில் திரிகிறார்கள். அதற்கான தாள் அவர்களிடம் இல்லை. எனவே அவர்களைப் பிடித்து, அந்தந்தத் தோட்டத்து உடைமையாளர்களிடம் ஒப்படைக்க உத்தரவிடுகிறேன். நடுவில் இருந்த சிறு சொல் 'உடைய' என்று பொருள்படுவது. குடும்பப் பெயர்கள் அவர்களுடையவை இல்லை, தோட்டக்காரர்களுடையவை.

ஒன்பதாவது பெயர், கர்னலைப் பாலைவனத்தில் சுமந்தவனின் பெயர்.

நான் வாசித்த விதம் நினைவுக்கு வந்து முகம் சுட்டது. என் கணவரிடம் சொன்னேன். அவர், "அதே பேரு நிறையப் பேருக்கு இருக்குமே," என்றார். இருக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் பத்தில் ஒருவருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கலாம் என்று பிறகு வெசினாவும் சொன்னார். அதே ஆள்தானா என்பது எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

பத்தாவது நாள், யாழ்ப்பாணத்துப் பெண் வந்திருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். அவள் கதவைத் திறந்து விட்டாள். வெசினா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"கடிதப் புத்தகத்துல இன்னும் எழுபது பக்கம் இருக்கு," என்றேன்.

"எனக்கு வேண்டாம்."

"எனக்கு வேணும்."

"உனக்கு எதுக்கு? அவரு உன் தாத்தாவா?"

"ஒரு வருஷத்துக்கு மேலா அவரைத்தான் வாசிக்கிறேன். பாதியில விட மாட்டேன். நீங்க கேக்க வேண்டாம். நான் மேசையில உக்காந்து வாசிச்சுட்டுப் போறேன்."

உட்கார்ந்தேன். மடிக்கணினியைத் திறந்து அடுத்த கடிதத்தை வாசிக்கத் தொடங்கினேன், உரக்கவே. ஒரு பாலம் பற்றியது. இரண்டாம் பத்தியில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தேன். ஜன்னல் ஓரத்திலிருந்து திருத்தம் வந்தது. அடுத்த வாரம் அவர் மேசைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

எழுபது பக்கத்தையும் முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. இன்னொரு பட்டியல் இருக்குமோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு கடிதத்தையும் திறந்தேன். இல்லை. கடைசியை ஒட்டி வேறொன்று இருந்தது. படையில் தன் கீழ் இருந்த ஒருவருக்கு கர்னல் கொடுத்த சான்று. எழுத்தரின் கையெழுத்தில் இல்லை, அவருடையதிலேயே இருந்தது. இன்னார் என்னுடன் இத்தனை போர்களில் இருந்தார், துணிந்தவர், அவர் விடுதலை பெற்றவர் என்பதற்கு நானே சாட்சி. பட்டியலுக்கு மூன்று வருடம் பிந்தியது. அந்தப் பெயர் பட்டியலில் இருந்த எவருடையதும் இல்லை. ஒரே ஒரு சான்றுதான். மற்றவர்களும் வந்து கேட்டார்களா, இவர் மறுத்தாரா என்று தெரியாது. பின்னாளில் செனட்டராக, அடிமை முறையை ஒழித்த அரசின் பக்கம் நின்றார். அவையில் அவர் பேசிய உரைகளும் வெசினாவிடம் இருந்தன. தோட்டக்காரர்களுக்கு இழப்பீடு தரவேண்டும் என்று நீளமாகப் பேசியிருக்கிறார். தன் பழைய வீரர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்து, முழங்கால் வலியோடு, கடலைப் பார்த்த வீட்டில் செத்துப்போனார்.

பெருவின் தலைநகர் லீமாவில் வெசினாவின் தம்பி இருந்தார். கர்னல் பிறந்த ஊரின் நகராட்சி அந்தப் புத்தகத்தை வெளியிட அவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். விழா, தெருவில் பூமாலை எல்லாம் பேசியாகிவிட்டது. வெசினா கையெழுத்துப் பிரதியை அனுப்பினார். இரண்டு நாளில் போன் வந்தது. கண் தெரியாததால் வெசினா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நானும் யாழ்ப்பாணத்துப் பெண்ணும் மேசையில் இருந்தோம். அவர்கள் பேசியது இப்போது எனக்குப் புரிந்தது.

"அக்கா, அந்த ஒரு பக்கத்தை எடுத்துடு. ஒரே ஒரு பக்கம்."

"எடுக்க மாட்டேன்."

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க. அவரைத் தனியா நிக்க வெச்சு அவமானப்படுத்தணுமா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. அவரு கையெழுத்துப் போட்டதை அப்படியே போட்டிருக்கேன்."

"சரி, கடிதம் இருக்கட்டும். பேரையாவது எடு. சில ஆட்கள்னு போடு. யாருக்கு என்ன நஷ்டம்?"

வெசினா அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தார். பெயரை எடுப்பது பரவாயில்லையோ என்று ஆங்கிலத்தில் எங்களிடம் கேட்டார். கேட்ட குரலில் களைப்பு இருந்தது. நகராட்சி வெளியிட்டால் கர்னல் பிறந்த ஊரில் எல்லாரும் வாசிப்பார்கள். முப்பது வருட ஆசை.

துணி மடித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பெண் என்னிடம் தமிழில் கேட்டாள், என்ன விஷயம் என்று. சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"பேரைப் போடச் சொல்லுங்கோ அக்கா. பேர் இல்லாட்டி ஆக்களே இல்லை எண்டு சொல்லிப் போடுவினம். என்ர அண்ணாவின்ர பேரை எத்தனை இடத்தில எழுதிக் குடுத்தனாங்கள். எழுதின இடத்தில மட்டும்தான் இப்ப அவர் இருக்கிறார்."

அதை வெசினாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். வெசினா அவள் இருந்த பக்கமாகத் திரும்பி, அவளுக்கு எத்தனை வயதில் அண்ணன் காணாமல் போனார் என்று கேட்டார். அவள் சொன்னாள். மறுநாள் வெசினா தம்பியைக் கூப்பிட்டார். எனக்கு அந்த உரையாடலில் நினைவிருப்பது ஒரு வாக்கியம்தான். "நகராட்சி இல்லன்னா பரவாயில்லை, மெல்பர்ன்ல அச்சகம் இருக்கு."

இருந்தது. மேற்கு மெல்பர்னில் கல்யாணப் பத்திரிகையும் உணவக மெனுவும் அடிக்கும் ஒரு சின்ன அச்சகம். அட்டையில் கர்னலின் படம் வேண்டாம் என்று வெசினா சொல்லிவிட்டார். பள்ளத்தாக்கின் பழைய வரைபடம் ஒன்றைப் போட்டோம். பிழைதிருத்தத்தை நான் செய்தேன். மூன்று முறை, ஒவ்வொரு எழுத்தாக. பெயர்கள் இருந்த பக்கத்தை ஆறு முறை.

ஸ்பானிஷ் பேசும் முதியவர்கள் மாதம் ஒருமுறை கூடிச் சாப்பிடும் ஒரு சமூகக் கூடத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் வெளியீடு. சாப்பாடு முடிந்து தட்டுகள் எடுக்கும் சத்தத்துக்கு நடுவில் வெசினா பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஏழாம் அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னார். உத்தரவையும் இருபத்து மூன்று பெயர்களையும் வாசித்தேன். இந்த முறை ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நிறுத்தினேன். முன் வரிசையில் இருந்த ஒரு கிழவர், கோட்டும் டையும் போட்டவர், எழுந்தார்.

"இந்த இந்தியப் பொண்ணுக்கு நம்ம சரித்திரத்துல என்ன வேலை?"

"வேலை இருந்தது. செஞ்சா," என்றார் வெசினா. "உங்களுக்கு வாசிக்க வேண்டாம்னா பரவாயில்லை, உக்காருங்க, கேக் வருது."

அவர் உட்காரவில்லை, போய்விட்டார். கூட இரண்டு பேரும் போனார்கள். பின்னால் இருந்து ஒரு பாட்டி, தான் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டதாகவும் பெயர்களை இன்னொரு முறை வாசிக்க முடியுமா என்றும் கேட்டார். வாசித்தேன். ஒரு பெட்டிப் புத்தகம் தீர்ந்தது, ஒரு பெட்டி மிஞ்சியது. ஒன்றை வெசினா அந்த மாகாண ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினார். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. தம்பி ஒரு வருடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் பூர்வீக வீட்டுக் கூரை ஒழுகுவது பற்றிப் பேசக் கூப்பிட்டார். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வெசினா கூரையைப் பற்றியே பேசினார்.

நான்காவது முறை எழுதியபோது தேர்வில் தேறினேன். இப்போது மெல்பர்னிலேயே சன்ஷைன் என்ற பகுதியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலைகள் போய்விட்டதால் ஞாயிறுகளில் வெசினா வீட்டுக்குப் போகிறேன். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குப் போன வருடம் நிரந்தர விசா கிடைத்தது. இன்னும் அதே மூன்று நாட்கள் வருகிறாள்.

அந்தப் புத்தகத்தைத் தமிழில் எழுதுவது என்று முடிவு செய்தேன். யார் வாசிப்பார்கள் என்று கணவர் கேட்டார். தெரியாது என்றேன். முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். ஸ்பானிஷ் மூலத்தில் பிறந்தான், பிறந்தார் இரண்டுக்கும் ஒரே வினைதான். மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. தமிழில் கர்னல் அவனா, அவரா? பட்டியலுக்குப் பிறகு எனக்கு 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் இதற்கு முன்னால் எழுதிய பக்கங்களைப் பாருங்கள். கர்னலுக்கு நான் எங்கும் அவர் என்றே போட்டிருக்கிறேன், அவரை முதுகில் சுமந்தவருக்கு யோசிக்காமல் அவன் என்று போட்டுவிட்டேன். எங்கள் வீட்டு வயலில் வேலை செய்த மனிதர்களை, என் அப்பாவைவிட வயதில் மூத்தவர்களை, நான் ஏழு வயதில் பெயர் சொல்லி வாடா என்று கூப்பிட்டிருக்கிறேன். யாரும் என்னைத் திருத்தியதில்லை. அந்தப் பழக்கம்தான் கையில் இருக்கிறது. மேலே இருப்பதை நான் அழிக்கவில்லை. மொழிபெயர்ப்பில் இருபத்து மூன்று பேரும் அவர். கர்னலும் அவர். அப்படி எழுதத் தொடங்கியதும் நடை தானாக நகர்ந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தேன். கர்னல் முதல் முறை நாடு கடத்தப்படுகிறார். கப்பலில் ஏற்றும்போது குதிரையை அனுமதிக்கவில்லை. சேணத்தை மட்டும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிறார். அந்தச் சேணத்தின் ஒவ்வொரு வாருக்கும் வளையத்துக்கும் ஸ்பானிஷில் தனித்தனிப் பெயர் இருக்கிறது. தமிழில் எனக்குப் பாதிதான் தெரியும். குதிரை வண்டி ஓட்டியவர் யாராவது தெரியுமா என்று திருச்சியில் நான்கு பேருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.